இரண்டு பெயர், ஒரே இயந்திரம்

சொந்தமாக ஒரு வி.பி.எஸ். வாடகைக்கு எடுத்து, அதில் தானே வெப் ஹோஸ்டிங் நடத்தக் கிளம்பும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்து சேர்கிறது. "டொமைனை இன்னும் ரெஜிஸ்ட்ராரின் நேம்சர்வரிலேயே வைத்திருக்கிறீர்களா? என்எஸ்1, என்எஸ்2 என்று உங்கள் பெயரிலேயே இரண்டு நேம்சர்வர் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் சர்வர் முழுசாக உங்களுடையது." செய்முறையும் கூடவே வரும். ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் அந்த இரண்டு பெயரையும் பதிந்து, இரண்டுக்கும் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும். சிபேனலோ பிளெஸ்கோ ஹெஸ்டியாவோ, எந்த பேனல் போட்டிருக்கிறோமோ அதில் பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருளை ஓடவிட வேண்டும். டொமைனின் நேம்சர்வரை மாற்றிவிட்டு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே ஐபியை இரண்டு முறை ஏற்க ரெஜிஸ்ட்ரார் மறுத்தால், ஹோஸ்டிங் கம்பெனியிடம் மாத வாடகைக்கு இன்னொரு ஐபி வாங்கி அதே சர்வரில் மாட்டிக்கொள்ளலாம். முடிந்தது வேலை, இனி நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

இதை ஆதரிப்பவர்கள் அடுக்கும் காரணங்கள் ஐந்து. கட்டுப்பாடு நம் கையில் இருக்கும். வாடிக்கையாளர் பார்வையில் மதிப்புக் கூடும். இன்னொரு கம்பெனியை நம்பியிருக்க வேண்டாம். தளம் வேகமாகத் திறக்கும். கடைசியாக, எல்லா ஆட்சேபணைக்கும் பதிலாக வைத்திருக்கும் அஸ்திரம்: சர்வர் விழுந்தால் தளமும் விழத்தான் போகிறது, அப்புறம் நேம்சர்வர் மட்டும் தனியாக உயிரோடிருந்து யாருக்கு என்ன பயன்?

இந்த ஐந்தில் ஒன்றில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி இந்த அறிவுரை தவறு. நேம்சர்வரின் பெயர் வேறு, அது ஓடும் இயந்திரம் வேறு. பெயரை உங்களுடையதாக வைத்துக்கொள்வதில் லாபம் இருக்கலாம். இயந்திரத்தை உங்கள் வெப் சர்வரோடு ஒன்றாக்குவதில் நஷ்டத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, முதலாவதின் லாபத்தைக் காட்டி இரண்டாவதை நம் தலையில் கட்டுகிறது.

நேம்சர்வர் எங்கே வந்து வேலை செய்கிறது என்பதை ஒரு தடவை பார்த்துவிடுவோம். ஒருவர் பிரவுசரில் உங்கள் தளத்தின் பெயரைத் தட்டியதும், அவருடைய இணையச் சேவை நிறுவனத்தின் ரிசால்வர் முதலில் ரூட் சர்வரிடமும், அடுத்து .காம் பட்டியலை வைத்திருக்கும் வெரிசைனின் சர்வரிடமும் போகிறது. 'இந்த டொமைனின் விவரம் என்னிடம் இல்லை. இன்ன இன்ன நேம்சர்வரில் போய்க் கேள்' என்று அது கைகாட்டுகிறது. கைகாட்டப்படும் நேம்சர்வரின் பெயரே அந்த டொமைனுக்குள் இருந்தால் முடிச்சு விழுகிறது. பெயரைத் தெரிந்துகொள்ள நேம்சர்வர் வேண்டும்; நேம்சர்வரைத் தெரிந்துகொள்ள அந்தப் பெயர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் .காம் சர்வரிலேயே நேம்சர்வரின் ஐபி முகவரியையும் சேர்த்து எழுதிவைக்கிறார்கள். க்ளூ ரெக்கார்டு என்பது இதுதான். ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் சைல்டு நேம்சர்வர், பிரைவேட் நேம்சர்வர், ஹோஸ்ட் நேம் என்று எந்தத் தலைப்பில் இருந்தாலும் நீங்கள் நிரப்புவது இந்த க்ளூவைத்தான்.

அந்தப் பக்கத்தில் ஏன் இரண்டு கட்டம் இருக்கிறது? 1987 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1034 அதற்குக் காரணம் சொல்கிறது. ஓர் இயந்திரமோ ஓர் இணைப்போ பழுதானாலும் டொமைனின் விவரம் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஜோனும், அதாவது டொமைனின் விவரத் தொகுப்பும், குறைந்தது இரண்டு சர்வர்களில் இருந்தாக வேண்டும் என்று அது ஆணையாகவே விதிக்கிறது. பழுதைத் தாங்குவதுதான் நோக்கம். இரண்டு என்ற எண்ணிக்கை அந்த நோக்கத்துக்காக வந்தது. ஒரே சர்வருக்கு என்எஸ்1 என்றும் என்எஸ்2 என்றும் பெயர் வைப்பவர் எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொண்டு நோக்கத்தைக் கொன்றுவிடுகிறார். கூடுதலாக ஓர் ஐபி வாங்கி அதே சர்வரில் மாட்டுபவரும் அதைத்தான் செய்கிறார், என்ன, கொஞ்சம் காசு கொடுத்துச் செய்கிறார். மின்சாரம் ஒன்று, டிஸ்க் ஒன்று, நெட்வொர்க் ஒன்று, பைண்ட் புராசஸும் ஒன்று என்றால் எத்தனை ஐபி இருந்தும் சர்வர் ஒன்றுதான்.

.காம், .இன் போன்ற உச்சநிலை டொமைன்களை நடத்துபவர்களுக்கு இணையப் பெயர், எண் பதிவேடுகளைக் கவனிக்கும் ஐயானா வைத்திருக்கும் தேர்வு இதில் கறாரானது. நேம்சர்வர்களுக்கு ஒரே ஐபி இருக்கக் கூடாது. அவை குறைந்தது இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகளில், அதாவது வெவ்வேறு ஏஎஸ் எண்களின் கீழ் இருக்க வேண்டும். உங்கள் டொமைனை அப்படிச் சோதிக்கப் பொதுவாக யாரும் வருவதில்லை. பல ரெஜிஸ்ட்ரார்கள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சோதிக்க ஆளில்லை என்பதால் காரணம் இல்லாமல் போய்விடாது.

இனி அந்த அஸ்திரத்துக்கு வருவோம். சர்வர் விழுந்தபின் நேம்சர்வர் எதற்கு என்ற கேள்வி புத்திசாலித்தனமாகத் தெரிவதற்குக் காரணம், டொமைன் என்றாலே வெப்சைட் என்று நினைத்துக்கொள்வதுதான். கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வெப்சைட் வி.பி.எஸ்.ஸில் இருக்கிறது. மின்னஞ்சல் ஜோஹோவில் இருக்கிறது. ஆன்லைன் ஆர்டர் வாங்கும் கடை வேறொரு சேவையில், தனி சப்டொமைனில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி வி.பி.எஸ்.ஸின் டிஸ்க் போய்விடுகிறது. நியாயப்படி விழ வேண்டியது வெப்சைட் மட்டும். ஆனால் மெயில் எங்கே போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் ரெக்கார்டைச் சொல்ல வேண்டிய நேம்சர்வரும் அதே டிஸ்க்கில் இருந்ததால், ஜோஹோவின் சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, இந்தக் கம்பெனிக்கு மட்டும் மெயில் வருவது நிற்கிறது. பிற சர்வர்கள் சில நாள் திரும்பத் திரும்ப முயலும் என்பது ஆறுதல். ஆனால் சனிக்கிழமை காலை பதிலுக்குக் காத்திருக்கும் டீலருக்கு அது ஆறுதல் ஆகாது. கம்பெனியிலிருந்து போகும் மெயிலும் தப்புவதில்லை. அனுப்பியவரின் டொமைனை, அதன் எஸ்பிஎஃப் ரெக்கார்டைச் சரிபார்க்கும் சர்வர்களுக்குப் பதில் கிடைக்காததால், அந்த மெயில் சில இடங்களில் நிறுத்தி வைக்கப்படும், சில இடங்களில் சந்தேகப்படப்படும். ஆன்லைன் கடையும் மூடிக்கொள்கிறது. ஒரு டிஸ்க் பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று சேவைகள் அதோடு சேர்ந்து சாய்கின்றன.

இதைவிட மோசமானது அடுத்தது. நேற்றைய பேக்கப் இருக்கிறது. வேறொரு கம்பெனியில் புது வி.பி.எஸ். எடுத்துத் தளத்தை எழுப்பிவிடலாம். அல்லது 'விரைவில் திரும்புகிறோம்' என்று ஒரு பக்கத்தையாவது வேறிடத்தில் வைக்கலாம். அதற்குச் செய்ய வேண்டியது ஒரே காரியம்: பெயருக்குரிய ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றுவது. அதை எங்கே போய் மாற்றுவது? செத்துப்போன சர்வரில். வெளியே நிற்கும்போது உதவ வேண்டிய மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட கதைதான் இது. சர்வர் ஓடும்போது நேம்சர்வருக்கு வேலை கொஞ்சம். சர்வர் விழும்போதுதான் அதற்கு முழு வேலை. அந்த நேரம் பார்த்து அதுவும் விழும்படி நாமே ஏற்பாடு செய்கிறோம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ராபர்ட் எல்ஸ், ராண்டி புஷ், ஸ்காட் பிராட்னர், மைக்கேல் பேட்டன் ஆகிய நால்வர் 1997 ஜூலையில் எழுதிய ஆர்எஃப்சி 2182, இரண்டாம்நிலை நேம்சர்வர்களை எங்கே வைப்பது என்பதற்காகவே எழுதப்பட்டது. உள்ளிருக்கும் கணினிகளை அடைய முடியாதபோது நேம்சர்வர் மட்டும் எதற்கு என்ற வாதத்தை அது கட்டுக்கதை என்றே பெயரிட்டு, தனிப் பகுதி ஒதுக்கி உடைக்கிறது. பெயர் கிடைக்கவில்லை என்பதையும் இணைப்புக் கிடைக்கவில்லை என்பதையும் மென்பொருள்கள் வேறு வேறாக எடுத்துக்கொள்கின்றன; டொமைனில் உள்ள எல்லாப் பெயரும் அறுந்துபோன அந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று இல்லை; பதில் கிடைக்காத கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு வீண் சுமை ஏறுகிறது. நிலப்பரப்பிலும் நெட்வொர்க்கிலும் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக மூன்று சர்வர்கள் போதும், அவற்றில் ஒன்றாவது நன்றாக விலகி இருக்கட்டும் என்பது அதன் பரிந்துரை. இவ்வளவு பழைய பதிலைப் படிக்காமல் இன்றும் அதே கேள்வியைப் புதிது போல வீசுகிறார்கள்.

படிக்காததன் விலை என்ன என்று பெரிய கம்பெனிகளிடம் கேட்கலாம். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டுக்கு நான்கு நேம்சர்வர்கள் இருந்தன. நமது இரண்டைவிட இரு மடங்கு. நான்கும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. ஜனவரி 23ஆம் தேதி அந்த நெட்வொர்க்கின் வாசலில் இருந்த ரவுட்டரின் அமைப்பில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் தவறான மாற்றம் செய்தார். மைக்ரோசாஃப்ட் தளமும் எம்எஸ்என்னும் ஹாட்மெயிலும் பலருக்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. வெப் சர்வர்கள் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லத்தான் ஆளில்லை. அதன்பிறகு அந்தக் கம்பெனி தன் நேம்சர்வர் பணியில் ஒரு பங்கை அகமாய் நிறுவனத்திடம் கொடுத்தது. காசுக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லாத இடம் அது. எண்ணிக்கையைப் பார்த்தார்களே தவிர, நான்கும் ஒரே காரணத்தால் ஒன்றாகச் சாகுமா என்று பார்க்கவில்லை.

ஃபேஸ்புக்கின் கதை இன்னும் கூர்மையானது. 2021 அக்டோபர் 4 அன்று வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்துவிட்டது. அதன் நேம்சர்வர்கள் உலகின் பல இடங்களில் பரவி இருந்தவை. ஆனால் டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் 'நான் ஆரோக்கியமாக இல்லை' என்று முடிவு செய்து, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி வழியாகச் செய்யும் தங்கள் அறிவிப்பைத் தாங்களே விலக்கிக்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. அப்படியே செய்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்து மறைந்தன. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களின் உள்கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் அவர்கள் கையும் கட்டப்பட்டது. சொந்த நேம்சர்வர் என்ற லட்சியத்தின் உச்சியில் இருந்த கம்பெனிக்கே இந்தக் கதி. நேம்சர்வரின் உயிரை வெப் சர்வரின் உயிரோடு முடிச்சுப் போட்டால், உலகம் முழுக்க இயந்திரங்களை நிறுத்தினாலும் ஒன்றின் சாவு மற்றதன் சாவு. ஒரே வி.பி.எஸ்.ஸில் நாம் போடுவதும் அதே முடிச்சுதான்.

அடுத்தது சுதந்திரம். இன்னொருவரை நம்ப வேண்டாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் என்எஸ்1 நிற்கும் ஐபி யாருடையது? வி.பி.எஸ். கம்பெனியுடையது. வாடகை கட்டும்வரை உங்களுடையது. க்ளூவை எழுதிவைத்திருப்பது யார்? வெரிசைன். அதை மாற்றும் பக்கத்தைத் தருவது யார்? ரெஜிஸ்ட்ரார். நம்பிக்கை வைக்க வேண்டியவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. குறைந்தது, வி.பி.எஸ். கம்பெனியை விட்டு விலகும் சுலபம் மட்டும்தான்.

எப்படி என்று பாருங்கள். டிஎன்எஸ் வேறிடத்தில் இருந்தால், சர்வர் மாற்றும் முன்பே ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை, அதாவது ரிசால்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் காலத்தை, 300 விநாடிக்குக் குறைத்து வைத்துவிட்டு, மாற்றும் நாளில் ஒரு வரியைத் திருத்தினால் பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடத்தில் புது சர்வருக்கு வந்துவிடுவார்கள். நேம்சர்வரே சர்வருக்குள் இருந்தால் க்ளூவையும் மாற்ற வேண்டும். .காம் பட்டியலில் நேம்சர்வர் விவரத்துக்கான டிடிஎல் 1,72,800 விநாடி. இரண்டு நாள். அதைக் குறைக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. பழைய க்ளூவை நினைவில் வைத்திருக்கும் ரிசால்வர்கள் அதுவரை பழைய ஐபியைத் தட்டிக்கொண்டிருக்கும். '48 மணி நேரம் காத்திருங்கள்' என்று எல்லாரும் மந்திரம் போலச் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே பழைய சர்வரை இரண்டு நாளாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும். சர்வர் தானாகச் செத்ததால்தான் மாறுகிறீர்கள் என்றால் அந்த வசதியும் இல்லை. யாருக்கும் கட்டுப்படாதவர் என்று சொல்லிக்கொள்பவர்தான் இங்கே அதிகமாகக் கட்டுண்டிருக்கிறார்.

இதில் ஒரு பாதுகாப்புக் கண்ணியும் இருக்கிறது. சர்வர் மாறும்போது என்எஸ்1-இன் க்ளூவைத் திருத்திவிட்டு, என்எஸ்2-ஐ மறந்துபோவது சாதாரணமாக நடப்பது. தளம் திறக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் விட்டுவிட்ட பழைய ஐபி சில வாரங்களில் அந்தக் கம்பெனியின் வேறொரு வாடிக்கையாளருக்குப் போகும். அவர் அதில் ஒரு நேம்சர்வரை ஓடவிட்டால், உங்கள் டொமைனுக்கு வரும் கேள்விகளில் ஒரு பங்குக்கு அவர் விரும்பிய பதிலைக் கொடுக்கலாம். தளத்தைத் திருப்பலாம், மெயிலைத் திருப்பலாம். சான்றிதழ் தரும் நிறுவனங்கள் பலவும் டொமைன் யாருடையது என்பதை டிஎன்எஸ் வழியாகவே சரிபார்ப்பதால், உங்கள் பெயரில் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கவும் அவர் முயலலாம். கட்டுப்பாடு வேண்டும் என்று தொடங்கிய வேலை, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கட்டுப்பாட்டைக் கொடுத்து முடியலாம்.

வேகத்தைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. ஒருமுறை கிடைத்த பதிலை ரிசால்வர்கள் சேமித்து வைத்துக்கொள்கின்றன. வேகம் தெரிவது முதல் கேள்வியில் மட்டும். அந்த முதல் கேள்வி சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் உங்கள் வி.பி.எஸ்.ஸுக்குப் போய்வர நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். டிஎன்எஸ்ஸையே தொழிலாக நடத்தும் கம்பெனிகள் ஒரே ஐபியைப் பல நகரங்களிலிருந்து அறிவிக்கும் எனிகாஸ்ட் முறையில், கேள்வி கேட்பவருக்குப் பக்கத்திலேயே பதில் தருகின்றன. ஒற்றை வி.பி.எஸ். இதோடு போட்டி போடவே முடியாது. சொந்தப் பெயரில் நேம்சர்வர் இருந்தால் தேடல் முடிவில் மேலே வரலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் என்று அவர்கள் எதையும் காட்டியதில்லை.

சுமையைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை. பைண்டை இணையத்தில் திறந்துவைப்பது என்பது போட்டுவிட்டு மறக்கிற வேலை இல்லை. 2015 ஜூலையில் வெளியான ஒரு பழுதில், டிகேஇ என்ற வகைக் கேள்வி ஒன்றைக் குறிப்பிட்ட விதத்தில் அனுப்பினாலே பைண்ட் 9 நின்றுபோனது. ஒரே ஒரு பாக்கெட் போதும். அமைப்புக் கோப்பில் தடுப்புப் போட்டும் தப்ப முடியாது, புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற நிலை. என்எஸ்1, என்எஸ்2 என்று இரண்டு பெயர் வைத்திருந்தவருக்கும் நின்றது ஒரே புராசஸ். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைத் தாக்கியவர்கள், யார் கேட்டாலும் பதில் சொல்லும்படி திறந்துகிடந்த டிஎன்எஸ் சர்வர்களைக் கொண்டுதான் தாக்குதலைப் பெருக்கினார்கள். ரிகர்ஷனை மூட மறந்த சர்வர்கள் உரிமையாளருக்குத் தெரியாமலே ஆயுதம் ஆயின. யுடிபி 53-ஐத் திறந்துவிட்டு டிசிபி 53-ஐ மூடிவைத்து, பெரிய பதில்கள் மட்டும் ஏன் போய்ச் சேரவில்லை என்று தேடுபவர்களுக்கும் குறைவில்லை. இன்னொன்று: உங்கள் சர்வரில் இருக்கும் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் தளத்தின் மேல் வெள்ளத் தாக்குதல் வந்தால், வி.பி.எஸ். கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ள அந்த ஐபிக்கு வரும் போக்குவரத்தையே துண்டித்துவிடும். நேம்சர்வரும் அதே ஐபியில் இருந்தால், தாக்கப்படாத மற்ற வாடிக்கையாளர்களின் மெயிலும் அதோடு போகும்.

இப்போது ஒப்புக்கொள்வதாகச் சொன்ன பாதி உண்மை. மற்றவர்களுக்கு ஹோஸ்டிங் விற்பவருக்குச் சொந்தப் பெயரில் நேம்சர்வர் இருப்பது உண்மையிலேயே உதவும். அதற்குக் காரணம் மதிப்பு இல்லை. நேம்சர்வர் பெயரை ஹூயிஸ்ஸில் தேடிப் பார்த்து மதிப்புப் போடும் வாடிக்கையாளர் அபூர்வம். காரணம் நடைமுறை சார்ந்தது. நூறு வாடிக்கையாளர்கள் தங்கள் டொமைனை உங்கள் என்எஸ்1, என்எஸ்2-வுக்குத் திருப்பியிருந்தால், பின்னால் இருக்கும் இயந்திரத்தை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ரெஜிஸ்ட்ரார் பாஸ்வேர்டைத் தேட வைத்து, நேம்சர்வரை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். இது நல்ல காரணம். ஆனால் இந்த லாபம் முழுவதும் பெயரிலிருந்து வருகிறது. இயந்திரம் உங்கள் வி.பி.எஸ்.ஸாக இருப்பதிலிருந்து ஒரு துளிகூட வரவில்லை. அமேசானின் ரூட் 53 உட்படப் பல டிஎன்எஸ் சேவைகள், அவர்களுடைய சர்வர்களின் ஐபியை உங்கள் பெயருக்குக் க்ளூவாகப் போட்டுக்கொள்ள முறையான வழி வைத்திருக்கின்றன. பெயர் உங்களுடையது, பதில் சொல்வது அவர்களுடைய நெட்வொர்க். நூறு வாடிக்கையாளர்களைச் சுமப்பவர்தான் ஒற்றை இயந்திரத்தில் நேம்சர்வரை வைக்கும் உரிமை எல்லாரையும்விடக் குறைந்தவர்; அவருடைய பழுது நூறு பேரின் மெயிலை நிறுத்தும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கலாமா? அதுவும் எதிர்த்திசையில் அதே தவறு. 2016 அக்டோபர் 21 அன்று, பாதுகாப்பில்லாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துச் சேர்த்த மிராய் படை, டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கியது. ட்விட்டர், ஸ்பாட்டிஃபை, ரெட்டிட், கிட்ஹப் எல்லாம் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. டைன் திறமையில்லாத கம்பெனி இல்லை. அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் ஏற்பாட்டில்தான் ஓட்டை. அமேசானைப் பாருங்கள். ரூட் 53 என்று டிஎன்எஸ் சேவையைத் தானே விற்கும் கம்பெனி, தன் முதன்மைக் கடையின் டொமைனைப் பல ஆண்டுகள் டைனிடமும் அல்ட்ராடிஎன்எஸ்ஸிடமும் சேர்த்து வைத்திருந்தது. தன் சரக்கில் நம்பிக்கை இல்லாமல் அப்படிச் செய்தது என்று சொல்ல முடியாது. ஒரே காரணத்தால் எல்லாம் விழக் கூடாது என்ற பழைய விதியை அது காசு கொடுத்துக் கடைப்பிடித்தது.

உண்மையான கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்று இடங்களைச் சொல்வேன். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகி, இரட்டைப் பாதுகாப்போடும் டிரான்ஸ்ஃபர் லாக்கோடும் இருப்பது முதலாவது. அந்த மின்னஞ்சல் இதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோன் ஃபைலின் முழுப் பிரதி சர்வருக்கு வெளியே உங்கள் கையில் இருப்பது இரண்டாவது. பதில் சொல்லும் நேம்சர்வர்கள் உங்கள் சர்வரோடு சேர்ந்து விழாத இடத்தில் இருப்பது மூன்றாவது. பேனலில் பைண்டை ஓடவிடும் வழக்கமான செய்முறை இந்த மூன்றில் ஒன்றையும் தருவதில்லை.

சொந்தக் கையால் நடத்தியே தீர வேண்டும் என்பவர்களுக்கும் நல்ல வழி இருக்கிறது. மறைந்த முதன்மை என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ஜோனை உங்கள் சர்வரில், பைண்டோ என்எஸ்டியோ நாட் டிஎன்எஸ்ஸோ பவர்டிஎன்எஸ்ஸோ கொண்டு நீங்களே எழுதிப் பராமரியுங்கள். ஆனால் அந்த சர்வரின் பெயரை டொமைனின் நேம்சர்வர் பட்டியலில் போடாதீர்கள். இரண்டாம்நிலை சேவை தரும் இரு வேறு கம்பெனிகளிடம் பதிவு செய்துகொண்டு, ஜோன் டிரான்ஸ்ஃபரை அவர்களுக்கு மட்டும், டிஎஸ்ஐஜி சாவியோடு திறந்துவிடுங்கள். ஹரிகேன் எலக்ட்ரிக் போன்றவர்கள் இதை இலவசமாகவே தருகிறார்கள். நீங்கள் ஒரு வரியைத் திருத்தி சீரியலை உயர்த்தியதும் நோட்டிஃபை செய்தி போகும். சில நொடிகளில் அவர்கள் புதுப் பிரதியை எடுத்துக்கொள்வார்கள். எஸ்ஓஏ ரெக்கார்டில் எக்ஸ்பயர் என்று ஒரு எண் இருக்கிறது. பேனல் போட்டுக்கொடுத்ததை அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதை 12,09,600 விநாடி, அதாவது 14 நாள் என்று வைத்தால், உங்கள் சர்வர் அடியோடு அழிந்தாலும் இரண்டு வாரம் உலகத்துக்குப் பதில் கிடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் புது சர்வரில் ஜோன் பிரதியை ஏற்றி, இரண்டாம்நிலைக் கம்பெனிகளுக்குப் புது முதன்மையின் ஐபியைச் சொன்னால் போதும். க்ளூவைத் தொட வேண்டாம். இரண்டில் ஒரு கம்பெனி கடையை மூடினாலும் மற்றது நிற்கும். மூன்றாவதைச் சேர்க்க ஜோன் உங்கள் கையில் இருக்கிறது.

ஒரே ஒரு தளம் வைத்திருப்பவருக்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை. ரெஜிஸ்ட்ராரின் நேம்சர்வரிலோ நல்ல டிஎன்எஸ் சேவை ஒன்றிலோ விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை ஜோனை இறக்கிப் பிரதி வைத்துக்கொண்டால் போதும். டிஎன்எஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொந்த நேம்சர்வர் போடுவதும் நல்ல காரியம்தான். யாருடைய பிழைப்பும் தொங்காத ஒரு டொமைனில் போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஓட்டை உள்ள அறிவுரை எப்படி இத்தனை நாள் நிற்கிறது? ரிசால்வர்களின் சேமிப்பு சின்னச் சின்ன விழுதல்களை மறைத்துவிடுகிறது. பதினைந்து நிமிடம் விழுந்து எழுந்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாததை, ஒன்றும் ஆகாது என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். ஹோஸ்டிங் பேனல்கள் அமைப்பின் முதல் பக்கத்திலேயே இரண்டு நேம்சர்வர் பெயரைக் கேட்கின்றன. கேட்பதால் அது கட்டாயம் என்று நினைத்துவிடுகிறோம். கூடுதல் ஐபி விற்பவருக்கு இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஆகவே இந்த அறிவுரையை அடுத்த முறை யாராவது சொன்னால் ஆர்எஃப்சி எண்களை எடுத்து நீட்ட வேண்டாம். ஒரே ஒரு சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவருடைய வி.பி.எஸ்.ஸை அவரே அணைக்கட்டும். வேறொரு நெட்வொர்க்கிலிருந்து அவருடைய டொமைனின் எம்எக்ஸ் ரெக்கார்டை, ரிசால்வரிடம் கேட்காமல், என்எஸ்2-இடமே நேராகக் கேளுங்கள். பதில் வந்தால் அவருக்கு இரண்டு நேம்சர்வர் இருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் அவருக்கு இருப்பது ஒன்று. அதுவும் தேவைப்படும் நேரத்தில் இல்லாத ஒன்று.